ஒரே மேசையில் மூன்று வகுப்புகள்

எங்கள் பிள்ளைகள் மூவரும் வீட்டிலேயே படிக்கிறார்கள். மூத்தவளுக்கு 13 வயது, நடுவிலுள்ளவனுக்கு 9, கடைக்குட்டிக்கு 5. வீட்டுவழிக் கல்வியில் இது எங்களுக்கு ஏழாவது ஆண்டு என்றாலும், மூவரையும் சேர்த்துக்கொண்டு ஒரு புதிய ஆண்டைத் தொடங்குவது இது இரண்டாவது முறைதான். சென்ற ஆண்டு, தானும் படிக்க வேண்டும் என்று கடைக்குட்டி அண்ணனின் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்ட நாளிலிருந்து, அதுவரை எங்களுக்கு ஒத்துவந்த ஏற்பாடுகள் ஒவ்வொன்றாகக் குலைந்துபோயின. அந்தத் தொடக்கத்தில் நான் செய்த தவறுகளையும், இந்த ஆண்டு மாற்றிக்கொண்டவற்றையும் இங்கே எழுதுகிறேன். வெவ்வேறு வயதுப் பிள்ளைகளை ஒன்றாக வைத்துக் கற்பிக்கும் பெற்றோருக்கு இதில் சிலவாவது பயன்படும் என்று நம்புகிறேன்.

சென்ற ஆண்டு நான் போட்ட கால அட்டவணையில் மூன்று பத்திகள் இருந்தன. பெரியவர்கள் இருவருக்கும் ஆளுக்கு ஐந்து பாடங்கள், பாடத்துக்கு 40 நிமிடம்; சிறியவளுக்கு இருபது இருபது நிமிடமாக இரண்டு வேளை. வண்ணம் தீட்டிச் சுவரில் ஒட்டியபோது அது பார்வைக்கு மிக நேர்த்தியாக இருந்தது. நான்காம் நாள் காலை, கடைக்குட்டியின் விரலைப் பிடித்து எழுத்தின் சுழியை எழுதப் பழக்கிக்கொண்டிருந்தேன். வகுத்தல் கணக்கு புரியாத மகன் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு என் தோளருகே நின்றான். மூத்தவளோ இயற்கணிதப் புத்தகத்தைத் திறந்து வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மதியம் அவள் நோட்டை எடுத்துப் பார்த்தபோது தேதி மட்டுமே எழுதப்பட்டிருந்தது. அன்றிரவுதான் அந்த அட்டவணையில் இருந்த நிமிடங்களை முதன்முறையாகக் கூட்டிப் பார்த்தேன். 440 நிமிடங்கள் வந்தன. வீட்டு வேலைகள் போக, காலை ஒன்பது மணிக்கும் பன்னிரண்டரைக்கும் இடையில் என்னிடம் இருந்தவையோ 210 நிமிடங்கள். பிள்ளைகளின் நேரத்தைத்தான் நான் பிரித்திருந்தேன். என் நேரத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை.

பல வயதுப் பிள்ளைகள் உள்ள வீட்டில் ஆண்டுத் தொடக்கத்தில் செய்ய வேண்டிய முதல் வேலை, பாடத்திட்டத்தைப் பங்கிடுவதற்கு முன்னால் கற்பிப்பவரின் நேரத்தைப் பங்கிடுவதுதான் என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். புத்தகங்களை எத்தனை வேண்டுமானாலும் வாங்கிவிடலாம். பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, வேறெதிலும் மனம் போகாமல், அவன் பென்சில் எங்கே தயங்குகிறது என்று பார்க்கும் நிமிடங்கள் மட்டும் எண்ணிக்கையில் அடங்கியவை. ஆகவே இந்த ஆண்டு 210 நிமிடங்களில் முப்பதை இடையூறுகளுக்கென்று முதலிலேயே ஒதுக்கிவிட்டு, மீதியிருந்த 180 நிமிடங்களைப் பிரித்தேன். மகனுக்கு 60, மூத்தவளுக்கு 50, மூவரும் சேர்ந்து படிப்பதற்கு 40, கடைக்குட்டிக்குக் கால் மணி நேரமாக இரண்டு முறை. அதன் பிறகே ஒவ்வொரு பாடத்தையும் எடுத்து, இதற்கு நான் பக்கத்தில் உட்கார வேண்டுமா, கூப்பிடு தூரத்தில் இருந்தால் போதுமா, நான் இல்லாமலே நடக்குமா என்று கேட்டுப் பார்த்தேன். எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகும் பிள்ளைக்கும், கணக்கில் புதிய கருத்து ஒன்றைத் தொடங்கும் பிள்ளைக்கும் ஆள் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். கற்றதைப் பழகும் பயிற்சிக் கணக்குகளுக்கும் எழுத்துப் பயிற்சிக்கும் நான் அதே அறையில் இருந்தால் போதும். வாசிப்பு, வரைதல், செய்து பார்த்த சோதனையைக் குறித்துவைத்தல் போன்றவை நான் இல்லாமலே நடக்கும். இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. "தானாகவே படித்துக்கொள்வாள்" என்று மூத்த பிள்ளையிடம் விட்ட பாடத்தை அன்றைக்கே ஐந்து நிமிடம் எடுத்துப் பார்க்காவிட்டால், இரண்டு வாரத்தில் அது யாருமே படிக்காத பாடமாகிவிடும். எங்கள் வீட்டில் புவியியலுக்கு அதுதான் நேர்ந்தது.

காலையின் முதல் கால் மணி நேரம் கடைக்குட்டிக்கு உரியது. பெரியவர்களின் பாடம்தானே கனமானது, அதை முதலில் முடித்துவிட்டால் நிம்மதியாக இருக்குமே என்றுதான் சென்ற ஆண்டு நினைத்தேன். அதனால் காலை முழுவதும் அவள் என் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தாள். இப்போது அவளை மடியில் உட்காரவைத்து ஒரு கதையும் நான்கைந்து எழுத்துகளும் முதலிலேயே முடித்துவிடுகிறேன். அதற்குப் பிறகு ஒரு மணி நேரமாவது அவள் தானாக விளையாடுகிறாள். பாட நேரத்தில் மட்டுமே திறக்கப்படும் ஒரு பெட்டியும் அவளுக்கு உண்டு. மணிகள், நூல், கத்தரிக்கோல், பழைய அட்டைகள் எல்லாம் அதில் இருக்கும், பன்னிரண்டரைக்கு அது மூடப்பட்டுவிடும். நான் மற்றவர்களோடு இருக்கும்போது ஏதாவது வேண்டுமென்றால் பேசாமல் என் தோளில் கையை வைக்க வேண்டும் என்றும், நான் அந்தக் கையைத் தொட்டால் "தெரியும், வருகிறேன்" என்று பொருள் என்றும் பழக்கினேன். பழகுவதற்கு மூன்று வாரம் பிடித்தது. ஐந்து வயதுப் பிள்ளைக்குக் காத்திருக்கத் தெரியாது என்பதில்லை. தன்னை மறந்துவிடவில்லை என்பது தெரிந்தால் காத்திருக்கிறது.

புதிய புத்தகங்களை முதல் நாளிலேயே திறக்காமல் இருந்தது இந்த ஆண்டு நான் எடுத்த மிக நல்ல முடிவு. நீண்ட விடுமுறைக்குப் பிறகு பிள்ளைகள் மறந்திருப்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். எதை மறந்திருக்கிறார்கள் என்பதுதான் தெரியாது. அதைத் தேர்வு வைத்துக் கண்டுபிடிக்க எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் ஆண்டின் முதல் நாளே தேர்வாக இருந்தால் பிள்ளை ஒளித்துவைக்கப் பழகுகிறது. அதனால் அவரவர் தொடங்கிய முதல் வாரம் முழுவதும் சிறு சிறு கணக்குகளைக் கொடுத்துவிட்டு, விடையைப் பார்ப்பதற்குப் பதிலாகக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மகன் தொடங்கிய மூன்றாம் நாள் அவனிடம் 408ஐ 4ஆல் வகுக்கச் சொன்னேன். நான்கில் நான்கு ஒரு முறை போகும் என்று 1 எழுதினான். பூஜ்ஜியத்தைத் தாண்டிப் போய், எட்டில் நான்கு இரண்டு முறை என்று 2 எழுதினான். 12 என்று அடிக்கோடும் இட்டான். தவறு என்று நான் சொல்லவில்லை. தீக்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, பத்துக் கட்டுகளை ஒரு பெரிய கட்டாகக் கட்டி, நான்கு பெரிய கட்டுகளையும் எட்டுத் தனிக் குச்சிகளையும் மேசையில் வைத்து, நான்கு பேருக்குப் பிரித்துக் கொடுக்கச் சொன்னேன். ஆளுக்கு ஒரு பெரிய கட்டும் இரண்டு குச்சிகளும் வந்தன. தன் பங்கை எண்ணியவன் "நூற்றி ரெண்டு" என்றான். பிறகு நோட்டைப் பார்த்தான். மீண்டும் குச்சிகளைப் பார்த்தான். "பத்துக் கட்டு யாருக்குமே கிடைக்கலையே, அதை எழுதணுமா?" என்று கேட்டான்.

அந்தக் கேள்விக்காக இரண்டு வாரம் செலவழித்தோம். வகுத்தலின் படிகள் அவனுக்குத் தெரிந்தே இருந்தன. அவனிடம் இல்லாதது இடமதிப்பு. புதிய புத்தகத்தின் முதல் பாடத்துக்கு அவனை அப்படியே இழுத்துச் சென்றிருந்தால், தசம எண்கள் வரும் வேளையில் அதே ஓட்டை இன்னும் பெரிதாகத் திறந்திருக்கும். மறந்ததைப் பற்றிப் பெற்றோர் மிகுதியாக அஞ்ச வேண்டியதில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, தன் மறதியைத் தானே அளந்து, 1885இல் வெளியிட்டார். மறதி முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் நடக்கிறது என்பதோடு, மறந்துபோன ஒன்றை மீண்டும் கற்க முதல்முறை ஆனதைவிடக் குறைந்த நேரமே ஆகிறது என்பதையும் அவர் காட்டினார். எங்கள் வீட்டில் இதைக் கண்ணால் கண்டேன். மகனுக்கு மறந்துபோயிருந்த வாய்ப்பாடு நான்கு நாளில் திரும்பி வந்துவிட்டது. இடமதிப்புக்கு இரண்டு வாரம் ஆனது, ஏனென்றால் அவன் அதை மறக்கவில்லை, கற்றிருக்கவே இல்லை. ஆண்டுத் தொடக்கத்தில் இந்த இரண்டையும் பிரித்தறிய முடிந்தால் பாதிக் கவலை குறைந்துவிடும்.

மூவரையும் ஒரே நாளில் தொடங்கவும் இல்லை. முதல் மூன்று நாட்கள் மூத்தவள் மட்டும் என்னோடு உட்கார்ந்தாள்; அவளுடைய ஆண்டு எப்படி இருக்கும், எந்தப் பாடத்தை அவளே திட்டமிடுவாள், எதற்கு என் துணை வேண்டும் என்று பேசித் தீர்மானித்தோம். அடுத்த வாரம் மகன் சேர்ந்தான், அதற்கடுத்த வாரம் கடைக்குட்டி. பாடங்களிலும் அப்படித்தான். முதலில் வாசிப்பும் கணக்கும் மட்டும். அவை ஓரளவு பழகிய பிறகு அறிவியல். அதற்குப் பிறகு வரலாறு. எல்லாவற்றையும் ஒரே திங்கட்கிழமையில் தொடங்கி அகலக்கால் வைப்பதைவிட, ஐந்து வாரத்தில் முழு அளவை எட்டுவது எனக்குப் பாதுகாப்பாகத் தோன்றுகிறது.

மூவரும் சேர்ந்து படிக்கும் 40 நிமிடங்களைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் எங்கள் வீட்டுப்பள்ளியின் உயிர் அங்கேதான் இருக்கிறது. கணக்கும் வாசிப்பும் படிக்கட்டுகள் போன்றவை. ஒரு படியைத் தாண்டி அடுத்த படிக்குப் போக முடியாது, அதனால் ஆளுக்கொரு இடத்தில்தான் நிற்பார்கள். அறிவியலும் வரலாறும் புவியியலும் அப்படியல்ல. ஒரே பொருளை ஐந்து வயதிலும் பார்க்கலாம், பதின்மூன்று வயதிலும் பார்க்கலாம். இந்த ஆண்டு நிலாவை எடுத்துக்கொண்டோம். அமாவாசை கழிந்த மூன்றாம் நாள் மாலை ஏழு மணிக்கு, மேற்கு வானில் மெல்லிய பிறையைப் பார்த்தோம். அதன்பின் ஒவ்வொரு நாளும் அதே ஏழு மணிக்கு அதே இடத்தில் நின்று பார்ப்பது என்று வைத்துக்கொண்டோம். நான்கு நாளில் ஒருநாள் மேகம் ஏமாற்றிவிடும், அதையும் குறித்துக்கொண்டோம்.

கடைக்குட்டிக்குக் கிடைத்த வேலை, அன்றைய வடிவத்தை ஒரு வட்டத்துக்குள் வரைவது. மகன் கையை நேராக நீட்டி முஷ்டியை மடக்கி, ஒரு மரத்தின் உச்சியைக் குறியாக வைத்து, நிலா எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று அளந்தான். நீட்டிய கையின் முஷ்டி வானத்தில் ஏறக்குறைய 10 பாகையை மறைக்கும். நிலா ஒவ்வொரு நாளும் கிழக்குப் பக்கமாக "ஒரு முஷ்டியும் ஒரு விரலும்" தள்ளிப்போவதாக அவன் எழுதிவைத்தான். ஓர் அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசைக்கு ஏறத்தாழ 29.5 நாட்கள் என்பதை மூத்தவள் படித்திருந்தாள், 360ஐ 29.5ஆல் வகுத்து 12.2 என்று விடை வந்ததும், தம்பியின் நோட்டை வாங்கி அந்த முஷ்டிக் கணக்கைப் பார்த்து ஒரு கணம் பேசாமல் இருந்தாள். அவன் கையால் அளந்ததும் அவள் தாளில் கண்டதும் ஒன்றாக வந்திருந்தன. பௌர்ணமிக்கு மறுநாள் ஏழு மணிக்கு நிலாவைக் காணோம் என்று மகன் பதறினான். நிலா உதிப்பது நாளுக்குச் சராசரியாக 50 நிமிடம் தள்ளிப்போகிறது என்பதை அவன் அந்த வாரம் தூக்கத்தைத் தியாகம் செய்தே கற்றுக்கொண்டான். ஆனால் எல்லோரையும் வியக்கவைத்தது கடைக்குட்டிதான். தன் வளர்பிறைப் படங்களை வரிசையாகப் பரப்பி வைத்துப் பார்த்தவள், "நிலா எப்பவும் சூரியன் போன பக்கமே பார்த்துட்டு இருக்கு" என்றாள். பிறையின் ஒளி ஏன் அந்தப் பக்கம் இருக்கிறது என்பதற்கு மூத்தவள் இருட்டறையில் ஒரு பந்தையும் விளக்கையும் வைத்து விளக்கம் காட்டினாள். அந்த விளக்கத்துக்கான கேள்வியை எழுப்பியவள் ஐந்து வயதுக்காரி.

வாய்விட்டு வாசிப்பதும் இந்த நேரத்தில்தான். படித்துக் காட்டிய பகுதியைப் பிள்ளை தன் சொற்களில் திருப்பிச் சொல்லும் முறையை, இங்கிலாந்தைச் சேர்ந்த கல்வியாளர் சார்லட் மேசன் (1842–1923) தம் கற்பித்தலின் நடுப்பகுதியாகவே வைத்திருந்தார். சிறு பிள்ளைகளுக்குப் பாடவேளை குறுகியதாக இருக்க வேண்டும் என்பதையும் அவர் வற்புறுத்தினார். நான் இதில் சேர்த்துக்கொண்டது வரிசை மட்டும். முதலில் கடைசியவள் சொல்வாள், பிறகு மகன், இறுதியில் மூத்தவள். மூத்தவள் முதலில் சொல்லிவிட்டால் மற்றவர்களுக்குச் சொல்ல எதுவும் இருக்காது. இந்த வரிசையில் போனால், தங்கை விட்டதைத் தம்பியும், தம்பி விட்டதை அக்காவும் சேர்க்க வேண்டியிருக்கிறது. மூவரும் கூர்ந்து கேட்கிறார்கள்.

மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குக் கற்பிப்பது நமக்குப் புதிதல்ல. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் சட்டாம்பிள்ளை இருந்தான். 1789இல் சென்னை எழும்பூரில் அனாதைச் சிறுவர் இல்லமொன்றின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல், பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு தன் இல்லத்திலும் அதைக் கொண்டுவந்தார். அங்கே மாணவரையே மாணவருக்குக் கற்பிக்கவும் வைத்தார். அந்த ஏற்பாடு இங்கிலாந்துக்குப் போய் மதராஸ் முறை என்றே அறியப்பட்டது. 1907இல் ரோம் நகரில் 'குழந்தைகள் இல்லம்' என்ற தன் முதல் பள்ளியைத் தொடங்கிய மரியா மாண்டிசோரியும், வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் ஒரே அறையில் இருப்பதைப் பெரும் நன்மையாகக் கருதினார். பிறருக்குச் சொல்லிக்கொடுக்கும்போது நமக்கே பாடம் தெளிவாகிறது என்பதும் உண்மைதான். இவற்றையெல்லாம் நம்பி, சென்ற ஆண்டு மகனின் கணக்கை முழுவதுமாக மூத்தவளிடம் ஒப்படைத்தேன். நவம்பரில் ஒருநாள், பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த என் பின்னால் வந்து நின்று, "அம்மா, என் கணக்கை எப்ப பார்ப்ப?" என்று கேட்டாள். குரலில் கோபமில்லை. மூன்று வாரமாக அவள் நோட்டை நான் திறக்கவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அந்தக் கேள்வி இன்றும் என் நெஞ்சில் இருக்கிறது. மூத்தவள் எனக்கு உதவி ஆசிரியை அல்லள். அவளும் கற்கும் பிள்ளை, அதிலும் பாடங்கள் கடினமாகத் தொடங்கும் வயதிலிருப்பவள். தொந்தரவு தராத பிள்ளைக்குத்தான் வீட்டில் கவனம் குறைகிறது. இந்த ஆண்டு அவளுக்குரிய 50 நிமிடங்களை யாருக்காகவும் எதற்காகவும் மாற்றுவதில்லை. அந்த வேளையில் தொலைபேசி வேறு அறையில் இருக்கும், கடைக்குட்டியின் பெட்டி திறந்திருக்கும், மகன் நான் இல்லாமல் நடக்கும் வேலையில் இருப்பான். தம்பிக்கோ தங்கைக்கோ அவள் சொல்லிக்கொடுப்பது, அவளே விரும்பினால், நாளுக்கு 20 நிமிடம் மட்டும். தன் பாடம் முடிந்த பிறகு மட்டும். புதிய கருத்தைத் தொடங்கிவைக்கும் பொறுப்பு எப்போதும் என்னுடையது.

சட்டம் பற்றியும் ஆண்டு தொடங்கும் முன்பே உறுதிசெய்துகொள்ள வேண்டும். வீட்டுவழிக் கல்விக்கான விதிகள் நாட்டுக்கு நாடு பெரிதும் வேறுபடுகின்றன. அமெரிக்காவில் ஐம்பது மாநிலங்களிலும் அதற்கு இடமுண்டு, ஆனால் விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஜெர்மனியிலோ மிக அரிய விலக்குகள் தவிர இடமே இல்லை. அறிவிப்புக் கடிதம், வருகைப் பதிவு, ஆண்டு மதிப்பீடு போன்றவை கேட்கப்படும் இடங்களில் பிள்ளையின் வயதுக்கேற்ப விதி மாறக்கூடும் என்பதால், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகப் பார்ப்பது நல்லது. பதிவுகளுக்கு நான் பிள்ளைக்கு ஒரு நோட்டு மட்டும் வைத்திருக்கிறேன். என்ன செய்யப்போகிறோம் என்பதை அதில் எழுதுவதில்லை. அன்று என்ன நடந்தது என்பதை இரவில் நான்கு வரி எழுதுகிறேன். "408 ÷ 4, பூஜ்ஜியத்தை விட்டான்" என்ற ஒரு வரி, பக்கம் பக்கமான மதிப்பெண்களைவிட எனக்கு அதிகம் சொல்கிறது.

போட்ட திட்டம் ஆறு வாரத்துக்கு மட்டும் என்று முதலிலேயே பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன். ஆறாம் வார முடிவில் எல்லோரும் உட்கார்ந்து, எதை விட வேண்டும், எதை நகர்த்த வேண்டும் என்று ஆளுக்கொன்று சொல்ல வேண்டும். சென்ற வாரம் அப்படி உட்கார்ந்தோம். கணக்கு முடிந்தவுடன் எழுத்துப் பயிற்சி வந்தால் கை வலிக்கிறது என்றான் மகன். அதை மதியத்துக்கு மாற்றினோம். வடிவியலை மாலையில் அப்பாவோடு படிக்கலாமா என்று மூத்தவள் கேட்டாள். வாரத்தில் இரண்டு நாள் அவர் ஒப்புக்கொண்டார். கடைக்குட்டிக்குத் தன் பெட்டியில் புதிதாக ஏதாவது வேண்டுமாம். வரலாறு மூவருக்குமே ஒட்டவில்லை என்பதும் தெரிந்தது. அதை இப்போதைக்கு நிறுத்திவைத்திருக்கிறேன், வேறு புத்தகம் தேட வேண்டும். அடுத்த ஆறு வாரத்துக்கான அட்டவணையை நேற்று பென்சிலால் எழுதி ஒட்டினேன். மூத்தவளின் 50 நிமிடங்களை மட்டும் பேனாவால் எழுதியிருக்கிறேன்.